மட்டாஞ்சேரி நேரம்

அண்ணே,

ஆலுவாவில் ஆற்றை ஒட்டிப் புதிதாக ஒரு வேலை தொடங்கியிருக்கிறோம். இன்று காலை லாரியில் கயிற்றுப் பாய்ச் சுருள்கள் வந்து இறங்கின. இறக்கிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. எல்லாம் நனைந்து அந்த வாசனை கிளம்பிவிட்டது. ஊறிய தேங்காய்த் தொண்டும் சேறும் கலந்த வாசனை. இடக்கொச்சியில் நாம் இருவரும் அதற்குள் நின்றுதான் மாதக்கணக்காகச் சாயா குடித்தோம். எவ்வளவு துவைத்தாலும் சட்டையிலிருந்து அது போகாது என்றும், ஊருக்குப் போகும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார் என்றும் சொல்வீர்கள். அதில் பாதியாவது நீங்கள் சேர்த்ததாக இருக்கும்.

"சார், பாய எங்க விரிக்கிறது?" என்று மேஸ்திரி இரண்டாம் முறை கேட்ட பிறகுதான் பதில் சொன்னேன்.

நீங்கள் இறந்து ஐந்து மாதம் ஆகிறது. கலூர் சைட்டில் பம்பு ஓட்டுகிறவர் போனில் சொன்னார். வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டீர்களாம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டதாம். நான் "அப்படியா" என்றேன். கான்கிரீட் லாரி பின்னால் வந்துகொண்டிருந்தது, அதற்குக் கை காட்டினேன். அன்று முழுக்க வேலை ஒழுங்காகவே நடந்தது. இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான்.

தமிழில் எழுதுவது எனக்கு எளிதில்லை, உங்களுக்குத் தெரியும். அப்பா முனிசிபாலிட்டி வேலைக்கு வந்து மட்டாஞ்சேரியில் தங்கிவிட்டவர். நான் அங்கேயே பிறந்து, மலையாளத்தில் படித்து, வீட்டில் மட்டும் தமிழ் பேசி வளர்ந்தவன். எழுத்தைப் பின்னால்தான் பிடித்தேன். சைட்டில் கோபம் வந்தால் என் வாயில் மலையாளம்தான் முதலில் வரும். "தமிழ்ல திட்டுங்க சார், அப்பத்தான் உறைக்குது" என்பீர்கள். அதனால் இதைத் தமிழிலேயே எழுதுகிறேன். உறைக்க வேண்டியது இந்த முறை எனக்கு.

இடக்கொச்சி வேலை உங்களுக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை. இருந்தாலும் வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன். மனதுக்குள் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சாதகமாக ஏதாவது ஒன்றை நகர்த்தி வைத்துவிடுகிறேன். எழுதினால் அவ்வளவு சுலபமாக நகர்த்த முடியாது.

பத்து மாடி அடுக்ககம். ஒரு பக்கம் ரோடு, மறுபக்கம் கால்வாய். கால்வாய்க்கு அக்கரையில் கண்டல் காடு, உப்புநீரில் வேரூன்றி நிற்கிற அலையாத்தி மரங்கள், அதை ஒட்டி ஒரு செம்மீன் கெட்டு. வரம்பு கட்டி, தூம்பு வைத்து, காயலில் நீர் ஏறும்போது தண்ணீரோடு இறால் குஞ்சுகளை உள்ளே விட்டு வளர்க்கிற குளம். அதைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியவர் ஒரு சேச்சி, நம் வயதுதான் இருக்கும். நம் சைட்டுக்கு அனுமதி கொடுத்தவர்கள் இந்தக் கெட்டையும் கண்டலையும் மனதில் வைத்தே நிபந்தனை போட்டிருந்தார்கள். தோண்டிய மண்ணை மூடி வைக்க வேண்டும். சுற்றிலும் கயிற்றுப் பாய் அடித்து, மழையில் கரையும் மண்ணைத் தடுக்க வேண்டும். அடித்தளக் குழியில் தேங்கும் மழைத்தண்ணீரை நேராகக் கால்வாயில் விடக் கூடாது. மூன்று தொட்டிகளில் ஏற்றி, தெளியவிட்டு, அதன் பிறகே விட வேண்டும். அதையும் கால்வாயில் நீர் இறங்கிக் காயலை நோக்கி ஓடும்போது மட்டும்தான் விட வேண்டும்.

கடைசி நிபந்தனைதான் முக்கியமானது. இங்கே உள்ள களிமண் எத்தனை தொட்டியில் வைத்தாலும் முழுதாகத் தெளியாது. சேறு அடியில் தங்கிவிடும், ஆனால் தண்ணீர் பால் கலந்த சாயா போலவேதான் வெளியே வரும். இறக்கத்தில் விட்டால் அது காயலுக்குப் போய்க் கரைந்துவிடும். ஏற்றத்தில் விட்டால் நேராகச் சேச்சியின் தூம்புக்குள் போகும்.

இறக்கம் எப்போது தொடங்குகிறது என்று சொல்வது என் வேலை. பம்பைப் போடுவதும் போட்ட நேரத்தைப் புத்தகத்தில் எழுதுவதும் உங்கள் வேலை.

இதற்காகக் கால்வாயில் ஒரு அளவுக் கம்பு நடச் சொல்லியிருந்தார்கள். நட்டோம். இரண்டாவது வாரம் ஒரு மணல் வள்ளம் இடித்து அது சாய்ந்துபோனது. திரும்ப நட வேண்டுமா என்று நீங்கள் கேட்டீர்கள். மட்டாஞ்சேரிக்காரனுக்குக் கம்பு எதற்கு என்று நான் சொன்னேன். துறைமுகத்து அட்டவணை என் போனில் இருந்தது. அதைவிட எனக்கு நம்பிக்கை, வீட்டுக்குப் பக்கத்துப் படகுத்துறைப் படிகள். எந்தப் படி நனைந்திருக்கிறது, எந்தப் படியில் பாசி காய ஆரம்பித்திருக்கிறது என்று பார்த்தால் போதும். சின்ன வயதிலிருந்து பார்க்கிற படிகள். வேலைக்குக் கிளம்பும்போது வண்டியை நிறுத்திப் பார்ப்பேன். இல்லாவிட்டால் தம்பி மகளை அனுப்பிப் பார்த்துவரச் சொல்வேன். பிறகு உங்களுக்குப் போன்.

"அண்ணே, இறங்க ஆரம்பிச்சாச்சு. போட்டுக்கோங்க."

"சரி சார்."

உங்களை அண்ணே என்று கூப்பிட ஆரம்பித்ததே ஒரு விளையாட்டில்தான். ஆதார் அட்டையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, நீங்கள் என்னைவிட இரண்டு மாதம் மூத்தவர் என்று கண்டுபிடித்தோம். அன்றிலிருந்து எதற்கெடுத்தாலும் "ரெண்டு மாசம் மூத்தவன் சொல்றேன், கேளுங்க" என்று தொடங்குவீர்கள். ஆட்கள் முன்னால் மட்டும் சார். அதை ஒருநாளும் தவறவிட்டதில்லை.

சிவகங்கைப் பக்கத்து மனிதருக்குத் தண்ணீர் ஒரு வேடிக்கையாக இருந்தது. பம்பு ஓடாத நேரத்தில் நீங்கள் போனைப் பார்த்து நான் பார்த்ததில்லை. கால்வாய்க் கரையில் குந்தி உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். "எங்க ஊர்ல கம்மாய்க்குத் தண்ணி வந்தாலே அதிசயம். இங்க வந்த தண்ணி திரும்பிப் போகுது, போன தண்ணி திரும்ப வருது" என்று முதல் மாதம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். தேங்காய்த் தொண்டைப் பிய்த்துப் போட்டு, அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பீர்கள். பொழுதுபோகாமல் செய்கிறீர்கள் என்று நினைத்தேன்.

நான் போனில் நேரம் சொல்லத் தொடங்கிய ஓரிரு நாளிலேயே சாயாக் கடையில் சொன்னீர்கள். சுற்றிலும் கம்பி கட்டுகிறவர்கள் நின்றிருந்தார்கள்.

"சார், ஒண்ணு கேக்கவா? நீங்க போன் பண்ற நேரத்துல இங்க தண்ணி இன்னும் உள்ளதான் போய்க்கிட்டிருக்கு. தொண்டு போட்டுப் பாத்தேன். ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் திரும்புது."

நான் சிரித்தேன். அது மட்டும் என்றால் பரவாயில்லை. கடைக்காரரைக் கூப்பிட்டேன்.

"சேட்டா, கேட்டீங்களா? சிவகங்கைக்காரர் மட்டாஞ்சேரிக்காரனுக்குத் தண்ணியப் பத்திப் படிப்பிக்கிறாரு! நான் தண்ணிக்கு நடுவுல பிறந்தவன் அண்ணே. நீங்க பம்பைப் பாத்துக்கோங்க, கடலை நான் பாத்துக்கறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். கிளாஸைக் கழுவி வைத்துவிட்டுப் போனீர்கள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நீங்கள் எடுக்கவே இல்லை.

இப்போது யோசித்தால் அன்று அங்கே நின்றிருந்தவர்களில் தண்ணீரைக் கண்ணால் பார்த்துச் சொன்னது நீங்கள் ஒருவர்தான். நான் எட்டு ஒன்பது கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள என் வீட்டுப் படியைப் பார்த்துச் சொன்னேன். கடலில் ஏறுகிற நீர் முகத்துவாரத்தில் நுழைந்து, மட்டாஞ்சேரியைத் தாண்டி, தோப்பும்படியைத் தாண்டி, காயல் முழுக்கப் பரவிய பிறகே இடக்கொச்சிக் கால்வாயின் மூலைக்கு வந்து சேரும் என்பது எவருக்கும் தோன்றக்கூடிய விஷயம். எனக்குத் தோன்றவில்லை. என் படியில் நீர் இறங்கினால் உலகம் முழுக்க இறங்கிவிட்டது என்று ஐம்பது வயதுவரை நம்பியிருக்கிறேன்.

நீங்கள் அடுத்து என்ன செய்தீர்கள் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். நான் போன் செய்ததும் "சரி சார்" என்பீர்கள். பம்பைத் தொடமாட்டீர்கள். தொண்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். தண்ணீர் திரும்பிய பிறகு போடுவீர்கள். புத்தகத்தில் மட்டும் நான் சொன்ன நேரத்தை எழுதுவீர்கள். ஆறு வாரம் இப்படி. கால்வாய் சுத்தமாக இருந்தது. அனுமதி கொடுத்தவர்கள் தரப்பிலிருந்து மேற்பார்வைக்கு வந்த மேடம் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, நன்றாகச் செய்கிறீர்கள் என்றார். நான் அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டேன். எனக்கு நியாயமாகச் சேர வேண்டியது என்றுதான் நினைத்தேன்.

துலா மழை, உங்கள் ஊர் ஐப்பசி மழை, அந்த வருஷம் நீண்டுபோனது. அக்கா பேத்திக்குக் காதுகுத்து என்று நீங்கள் மூன்று நாள் லீவு கேட்டீர்கள். கலூர் சைட்டிலிருந்து மாற்று ஆளை வரவழைத்தோம். கிளம்புவதற்கு முன் அவரிடம் எதையோ விளக்கிக்கொண்டிருந்தீர்கள். நான் அவசரப்படுத்தினேன். "அவருக்கு எல்லாம் தெரியும் அண்ணே, பஸ்ஸை விட்டுடாதீங்க" என்றேன்.

மறுநாள் குழியில் இடுப்பளவு தண்ணீர். அதற்கு அடுத்த நாள் அடித்தளத்துக்குக் கான்கிரீட் போட வேண்டும். காலையில் படகுத்துறையில் வண்டியை நிறுத்தினேன். மூன்றாவது படி தெரிந்தது. போன் செய்தேன். "போட்டுக்கோ" என்றேன். மாற்று ஆள் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர். உடனே போட்டுவிட்டார்.

அது கெட்டின் பருவம் தொடங்கிய வாரம். ஏறுகிற நீரை வாங்கச் சேச்சி அன்று காலையில் தூம்புப் பலகையைத் தூக்கியிருந்தார். நான் தோப்பும்படியில் சிக்னலில் நின்றுகொண்டிருந்த நேரம், நம் குழியின் தண்ணீர் அவர் குளத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.

மத்தியானம் அவர் சைட்டுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. ஊறுகாய் பாட்டில் ஒன்றில் குளத்துத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வந்து என் மேஜையில் வரைபடத்தின் மேலேயே வைத்தார்.

"சாரே, இது நிங்ஙளுடேதானே?"

இது உங்களுடையதுதானே என்று கேட்டார். அவருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும், வேலையாட்களோடு பேசிப் பழகியது. கோபம் வந்தால் மலையாளத்துக்குப் போய்விடுவார். நானும் அப்படித்தான். இரண்டு பேரும் மலையாளத்தில் பேசினோம். எங்கள் பம்பு இறக்கத்தில்தான் ஓடியது, மேலே எங்காவது யாராவது மண் தோண்டியிருப்பார்கள் என்றேன். அவர் பாட்டிலை எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டார். சாயங்காலம் நான் வரம்பில் நடந்துபோய்ப் பார்த்தேன். கரிமீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அன்று உள்ளே வந்த குஞ்சுகளைத் தேடிப் பார்க்கவே வேண்டியதில்லை. கண்டல் வேர்களில் ஒரு விரல் கனத்துக்குச் சாம்பல் பூசியது போல் களி ஒட்டியிருந்தது. ஆனாலும் நம்மால் நடந்தது இது என்று நான் நம்பவில்லை. ஆறு வாரமும் நான் சொன்ன நேரத்தில்தானே பம்பு ஓடியது?

நீங்கள் திரும்பி வந்த அன்றே கன்டெய்னர் ஆபீசில் கூட்டம். புராஜெக்ட் மேனேஜர், அந்த மேடம், சேச்சி, நான். மாற்று ஆளும் நீங்களும் கதவோரம் நின்றீர்கள். காதுகுத்துக்குப் போட்டுக்கொண்ட புதுச்சட்டை உங்கள் மேல் இருந்தது. நான் பம்பு புத்தகத்தை மேஜையில் விரித்து வைத்தேன். ஒவ்வொரு பக்கமாகக் காட்டினேன். நான் சொன்ன நேரம், பம்பு ஓடிய நேரம், இரண்டும் ஒன்று. ஆறு வாரம் ஒரு துளி கலங்கல் இல்லை. ஏழாவது வாரமும் அதேபோல் நான் சொன்ன நேரத்தில் விட்ட தண்ணீரால் எப்படிக் கலங்கும் என்று கேட்டேன். மேடத்துக்கே அது நியாயமாகப் பட்டது. சேச்சி என்னைப் பார்க்கவில்லை, புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஐந்து நிமிஷம் போயிருந்தால் கூட்டம் முடிந்திருக்கும். அவர் குளத்தைத் தூர் எடுத்துக் கொடுக்க வேண்டிய பொறுப்பும் நமக்கு இல்லாமல் போயிருக்கும். அடுத்த நாள் காலை நான் படியைப் பார்த்து மறுபடியும் போன் செய்திருப்பேன்.

கதவோரத்திலிருந்து நீங்கள் பேசினீர்கள்.

"சார், அந்தப் புஸ்தகத்துல இருக்கிற நேரம் பொய். நான்தான் எழுதுனேன். பம்பு ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் போடுவேன். இவருக்கு அது தெரியாது, அவர் மேல தப்பில்ல."

இவர் என்றது மாற்று ஆளை.

மேனேஜர் எழுந்துவிட்டார். "எந்தாடோ இது? ஒரு நேரம் எழுதி வேற நேரம் போடுறதா? அப்போ சார் கொடுத்த டைம் தப்பா?"

"சார் சொன்ன நேரம் தப்பில்ல சார். அது மட்டாஞ்சேரி நேரம்."

முதலில் சிரித்தது மேடம். பிறகு மேனேஜர். சேச்சிகூடச் சிரித்துவிட்டார், அவ்வளவு நஷ்டத்திலும். நீங்கள் கிண்டலாகச் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றச் சொன்னீர்கள். எனக்கு அன்று அது காதில் ஏறவில்லை. காது மடல் சுட்டது மட்டும்தான் தெரிந்தது. நான் பிறந்த இடத்தை வைத்து, எனக்குக் கீழே வேலை பார்க்கிற ஒருவர், எல்லார் முன்னாலும் என்னைக் கேலிப்பொருளாக்கிவிட்டார் என்று தோன்றியது. சாயாக் கடையில் நான் உங்களுக்குச் செய்ததும் அதேதான் என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை.

மேனேஜர் அடுத்த கேள்வியைக் கேட்டார். அவர் கேட்கத்தான் வேண்டும்.

"இது முன்னமே சாரிட்ட சொல்லியிருந்தா இதெல்லாம் நடக்குமா? ஏன் சொல்லல?"

நீங்கள் என்னை ஒருமுறை பார்த்தீர்கள். நீண்ட பார்வை இல்லை. நான் புத்தகத்தின் மூலையை மடித்துக்கொண்டிருந்தேன்.

"தோணல சார்" என்றீர்கள்.

சொன்னாரே, கடையில் பத்துப் பேர் முன்னால் சொன்னாரே, நான்தான் கேட்கவில்லை. இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. தமிழிலோ மலையாளத்திலோ ஒரே மூச்சில் சொல்லி முடித்திருக்கலாம். நான் என்ன சொன்னேன் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணே" என்றேன். எல்லார் காதிலும் விழும்படி.

பொய்க் கணக்கு எழுதியவரை வைத்துக்கொள்ள முடியாது என்றார்கள். தெரிந்தே மறைத்தது பெரிய குற்றம், சொல்லிப் பார்த்திருந்தால் வேறு விஷயம் என்றும் சொன்னார்கள். சொல்லிப் பார்த்திருந்தீர்கள். உங்களைத் தவிர அது தெரிந்த ஒரே ஆள் அந்த அறையில் நான்தான். மறுநாள் பையோடு கிளம்பினீர்கள். நான் கான்கிரீட் பக்கம் நின்றேன். கை காட்டினீர்கள் என்று நினைக்கிறேன். நான் பார்க்காதது போல் இருந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு கால்வாயில் புதுக் கம்பு நட்டார்கள். சேச்சியின் குளத்தைக் கம்பெனி செலவில் தூர் எடுத்தார்கள், குஞ்சும் வாங்கி விட்டார்கள். ஆனால் அந்தப் பருவம் போனது போனதுதான். கட்டடம் முடிந்து இப்போது ஆட்கள் குடியிருக்கிறார்கள். விளம்பரத்தில் கண்டலையும் கெட்டையும் படம் போட்டிருந்தார்கள், ஜன்னலைத் திறந்தால் பச்சை தெரியும் என்று.

நீங்கள் வேறு கம்பெனியில் எங்கெங்கோ வேலை செய்தீர்கள், நிரந்தரமாக எதுவும் அமையவில்லை, பிறகு ஊரோடு போய்விட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். ஒரு பொங்கலுக்குப் போன் செய்தீர்கள். உங்கள் பெயர் திரையில் தெரிந்தது. அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்று வருஷம் அதைக் கோபம் என்றே வைத்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் கோபம் என்றால் தப்பு உங்கள் பக்கம் இருக்கிறது என்று அர்த்தம். அது வெட்கம் அண்ணே. நீங்கள் இறந்த பிறகு கோபப்பட ஆளில்லாமல் போனதும் அது வெளுத்துவிட்டது.

இங்கே ஆலுவாவில் பம்பு புத்தகத்தில் இரண்டு கட்டம் போட்டிருக்கிறேன். ஒன்று நான் சொன்ன நேரம், மற்றது உண்மையில் ஓடிய நேரம். இரண்டும் வேறாக இருந்தால் திட்டமாட்டேன் என்று முதல் நாளே எல்லாரையும் கூட்டிச் சொன்னேன். ஆபரேட்டர் தலையாட்டினார். இதுவரை ஒருநாள்கூட இரண்டும் வேறாக இல்லை. அந்தப் பக்கங்களைப் பார்த்தால் மற்றவர்களுக்குத் திருப்தி, எனக்குப் பயம். எழுந்து நேரில் போய் ஆற்றைப் பார்த்துவிட்டு வருகிறேன். ஆபரேட்டர் என்னைச் சந்தேகப் பிராணி என்று நினைக்கிறார். நினைக்கட்டும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இடக்கொச்சிக்குப் போனேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். முதலில் மேனேஜரைத்தான் பார்த்தேன். அவர் இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "ஆளே போயாச்சு, இனி அதுக்கென்ன" என்றார். அவர் சொன்னது எனக்கு வசதியாகத்தான் இருந்தது. அந்த வசதி பிடிக்காமல்தான் சேச்சியிடம் போனேன்.

தூம்பு வாயில் வலையைக் கட்டிக்கொண்டிருந்தார். முடி நரைத்துவிட்டது. என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டார். உட்காரச் சொல்லவில்லை, உட்கார அங்கே ஒன்றும் இல்லை. வரம்பில் நின்றபடியே சொன்னேன். பம்பு ஓட்டிய அண்ணன் இறந்துவிட்டார் என்றேன். அவர் கை நின்றது. சிலுவை போட்டுக்கொண்டார்.

"அன்னைக்குக் கூட்டத்துல அவர் சொன்னது உண்மையில்லை சேச்சி. என்கிட்ட முதல்லயே சொல்லியிருந்தார். கடையில வச்சு, எல்லார் முன்னாலயும். நான்தான் சிரிச்சு விட்டேன். பிறகு அவர் எனக்காகப் பொய் சொன்னப்பவும் வாயத் திறக்கல. அவர் வேலை போனது என்னாலதான். உங்க குளம் போனதும்."

சொல்லி முடித்ததும் அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் வலைக் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார்.

"எனிக்கறியாம்" என்றார்.

தனக்குத் தெரியும் என்கிறார். எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"போறதுக்கு முன்ன அவன் இங்க வந்தான். பையெல்லாம் எடுத்துக்கிட்டு. இந்த வரம்புலதான் நின்னான், சார் நிக்கிற இடம்தான். என் குளம் போயதுக்கு மாப்பு கேட்டான். நான் கேட்டேன், நீ சாரிட்ட சத்தியமா சொல்லலையான்னு. சொன்னேன்னு சொன்னான். பின்ன ஏன் மீட்டிங்குல மறைச்சேன்னு கேட்டேன்."

தூம்பில் தண்ணீர் உள்ளே வர ஆரம்பித்திருந்தது. சேச்சி பலகையைக் கொஞ்சம் தூக்கி, இடுக்கில் கம்பைச் செருகினார்.

"சார் நல்ல மனுஷன், இப்ப வெப்ராளத்துல இருக்கார், மனசு ஆறினதும் அவரே வந்து உங்ககிட்ட சொல்லுவாருன்னு சொன்னான். வந்தா ரெண்டு வார்த்தை திட்டிட்டு விட்டுடுங்க சேச்சின்னும் சொன்னான். நானும் பாத்துக்கிட்டே இருந்தேன். ஒரு வருஷம் பாத்தேன்."

பிறகு என்னை நேராகப் பார்த்துச் சொன்னார்.

"வரும்னு சொன்னான். இத்ர வைகும்னு சொல்லல."

இவ்வளவு தாமதமாகும் என்று நீங்கள் சொல்லவில்லை. அவர் என்னைத் திட்டவும் இல்லை. நான் வரம்பில் திரும்பி நடந்தேன்.

வண்டியை எடுக்காமல் ரோட்டோரம் வெகு நேரம் நின்றிருந்தேன். என்னை நீங்கள் மன்னித்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்ளலாமா என்று யோசித்துப் பார்த்தேன். அப்படி இல்லை. நீங்கள் என்னை மன்னிக்கவில்லை அண்ணே, என்னை நம்பினீர்கள். கையில் பையோடு, வேலை போய், ஊருக்குப் போகிற வழியில் நின்று, இவன் வருவான் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். அந்தப் பொங்கல் அன்று உங்கள் போனை எடுத்திருந்தால்கூடப் போதுமாக இருந்திருக்கும்.